கரையும் எலும்புச் சாரக்கட்டு: பீங்கானா, பலபடியா, மெக்னீசியமா?

விபத்தாலோ கட்டியை அகற்றும் அறுவை சிகிச்சையாலோ எலும்பில் பெரிய இடைவெளி விழுந்துவிட்டால் அது தானாகக் கூடுவதில்லை. நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்தே சிறிது எடுத்து அங்கே பொருத்துவதுதான் மருத்துவர்கள் இன்றும் மிகுதியாக நம்பும் வழி. ஆனால் எடுக்கக் கிடைக்கும் அளவு குறைவு, எடுத்த இடத்தில் வலி நெடுநாள் நீடிப்பதும் உண்டு. இதற்கு மாற்றாக வருபவை கரையும் சாரக்கட்டுகள்: இடைவெளியில் வைத்தால் புதிய எலும்பு வளரத் தாங்கலாக நின்று, பின் உடலிலேயே கரைந்துபோகும் துளையுள்ள அமைப்புகள். இவற்றை வலிமையை மட்டும் வைத்து ஒப்பிடுவது போதாது. புதிய எலும்பு உருவாகும் வேகத்தோடு அவை கரையும் வேகம் ஒத்துப்போகிறதா என்பதே, என் பார்வையில், முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

கால்சியம் பாஸ்பேட் பீங்கான்கள் எலும்பின் கனிமத்துக்கு மிக நெருக்கமானவை என்பதால் எலும்புச் செல்கள் அவற்றின்மேல் எளிதில் படர்கின்றன. ஆயினும் இக்குடும்பத்துக்குள்ளேயே வேறுபாடு பெரிது. கால்சியத்துக்கும் பாஸ்பரசுக்குமான விகிதம் 1.67 ஆக உள்ள ஹைட்ராக்சிஅபடைட் பல ஆண்டுகள் கழித்தும் கரையாமல் தங்கிவிடுகிறது, அவ்விகிதம் 1.5 ஆக உள்ள பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட்டோ அதைவிட வெகு விரைவாகக் கரைந்து புதிய எலும்புக்கு இடம்விடுகிறது. இரண்டையும் கலந்து, கலவையின் அளவைக் கொண்டே கரையும் வேகத்தைக் கட்டுப்படுத்தலாம். பீங்கானின் குறை அதன் நொறுங்கும் தன்மை. இரத்தக் குழாய்கள் உள்ளே வளர ஏறத்தாழ 300 மைக்ரோமீட்டர் அளவுள்ள, ஒன்றோடொன்று இணைந்த துளைகள் விரும்பப்படுகின்றன. துளைகளைக் கூட்டக் கூட்டப் பீங்கான் மேலும் பலவீனமாகிறது. 1969-இல் லாரி ஹெஞ்ச் உருவாக்கிய உயிர்க்கண்ணாடி எலும்போடு வேதிப் பிணைப்பையே ஏற்படுத்துகிறது என்றாலும், அதுவும் நொறுங்கக்கூடியதுதான்.

பலபடிகளை, அதாவது பாலிமர்களை, வேண்டிய வடிவில் வார்ப்பது எளிது. பாலிலாக்டிக், பாலிகிளைகாலிக் அமிலங்களின் கூட்டுப்பலபடியில் இரண்டின் விகிதத்தை மாற்றினால், கரையும் காலத்தைச் சில வாரங்களிலிருந்து பல மாதங்கள் வரை நீட்டவோ குறுக்கவோ முடியும். ஆனால் நீரால் சிதையும்போது இவை அமிலத்தை வெளியிடுகின்றன. தடித்த துண்டின் நடுவில் அந்த அமிலம் தேங்கிச் சிதைவை மேலும் விரைவுபடுத்துவதால், வெளிப்புறம் முழுமையாகத் தோன்றும்போதே உட்புறம் குழைந்துபோகிறது, சுற்றியுள்ள திசுவில் அழற்சியும் ஏற்படலாம். உருவம் மறைவதற்கு வெகு முன்பே வலிமை போய்விடுகிறது என்பதை இப்பொருள்களின் விவரத் தாள்களைப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டும். சுமார் 60 டிகிரி செல்சியசில் உருகும் பாலிகாப்ரோலாக்டோன் முப்பரிமாண அச்சுக்கு மிகவும் ஏற்றது, கரைய இரண்டு ஆண்டுகளுக்கு மேலும் ஆகும். அதன் நீர்வெறுக்கும் மேற்பரப்பில் செல்கள் எளிதில் ஒட்டுவதில்லை என்பதுதான் குறை. அதனுடன் ட்ரைகால்சியம் பாஸ்பேட்டைச் சேர்த்தால் செல்களுக்குப் பற்றுக்கோடு கிடைக்கிறது. பீங்கானின் நொறுங்கும் தன்மையையும் பலபடியின் நெகிழ்வு ஓரளவு ஈடுகட்டுகிறது. மண்டையோட்டைப் போல அதிக எடை தாங்க வேண்டாத இடங்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இக்கலவையைத்தான்.

எலும்பிலேயே உள்ள புரதமான கொலாஜனால் ஆன பஞ்சு செல்களுக்கு மிக இணக்கமானது. தனித்து நின்று சுமை தாங்காது. வளர்ச்சிக் காரணிகளை, அதாவது செல்களை வளரத் தூண்டும் புரதங்களை, ஏந்திச் செல்லும் ஊடகமாகவே அது பயன்படுகிறது.

சுமை தாங்க வேண்டிய இடத்துக்கு மெக்னீசியம் வலுவான போட்டியாளர். அதன் மீள்குணகம், அதாவது வளையாமல் எதிர்த்துநிற்கும் விறைப்பின் அளவு, ஏறத்தாழ 45 கிகாபாஸ்கல். கெட்டி எலும்புக்கு 10 முதல் 30 வரை, டைட்டானியத்துக்கோ 110 அளவில். எனவே டைட்டானியத்தைப் போல அது சுமை முழுவதையும் தானே வாங்கிக்கொண்டு அருகிலுள்ள எலும்பை மெலியவிடுவதில்லை. ஆனால் உடலின் நீர்மத்தில் அது அரிக்கப்படும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படுகிறது. பெல்ஜிய அறுவை மருத்துவர் லம்போட் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மெக்னீசியத் தகட்டைப் பயன்படுத்தியபோது, தகடு விரைவில் சிதைந்து தோலுக்கடியில் வாயு சேர்ந்தது. இன்றைய உலோகக் கலவைகளும் மேற்பூச்சுகளும் அரிப்பை வெகுவாகக் குறைத்திருக்கின்றன. ஆயினும் துளைகள் நிறைந்த சாரக்கட்டில் நீர்மம் படும் பரப்பு பன்மடங்கு கூடுவதால், திருகு ஆணியில் அடங்கிநின்ற அரிப்பு சாரக்கட்டில் அதே அளவில் நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே மெக்னீசியத் திருகுகளை ஏற்கும் நான், தொடையெலும்பின் பெரிய இடைவெளியை மெக்னீசியச் சாரக்கட்டை மட்டும் நம்பி நிரப்புவதை இப்போதைக்கு ஏற்கமாட்டேன். அங்கே உலோகத் தகட்டின் துணையோடு பீங்கான் கலந்த சாரக்கட்டே பாதுகாப்பான தெரிவு.