பிஎச்பி அரேயில் (பல மதிப்புகளை ஒன்றாக வைக்கும் பட்டியல்) புதிதாகச் சேர்க்க எது நல்லது: [ ] போதுமா, அரே_புஷ்ஷா, அரே_மெர்ஜா?

கடைசியில் ஒன்றைச் சேர்க்க $பழம்[ ] = 'மட்டி'; என்று எழுதுவதே என் தேர்வு. அரே_புஷ்ஷும் இதையேதான் செய்கிறது. ஒன்றே ஒன்றுக்குப் பங்ஷனைக் கூப்பிட வேண்டாம் என்று பிஎச்பி கையேடே சொல்கிறது. சின்னப் பக்கத்தில் அந்த வேக வித்தியாசம் கண்ணில் படாது என்பதும் உண்மை.

பலவற்றை ஒரே தடவையில் சேர்க்க அரே_புஷ் வசதி: முதலில் $பழம், அடுத்து ...$வரவு (முன்னால் உள்ள மூன்று புள்ளி, வரவு அரேயைத் தனித்தனி மதிப்புகளாகப் பிரித்துக் கொடுக்கும்). வரவில் எழுத்துக் கீ (ஒவ்வொரு மதிப்புக்கும் உள்ள அடையாளம்; எண்ணாகவோ எழுத்தாகவோ இருக்கும்) இருந்தால் எர்ரர் வரும்; கீயை விட்டு மதிப்பை மட்டும் எடுக்கும் அரே_வேல்யூஸ் வழியாகக் கொடுங்கள். இன்னொன்றிலும் அரே_புஷ் ஒரு படி மேல்: வேரியபிள் பெயரைத் தப்பாக அடித்தால் பிஎச்பி 8இல் அது டைப்எர்ரர் கொடுத்து நின்றுவிடும். [ ] சத்தமில்லாமல் புது அரே உண்டாக்கிவிடும்.

ஆனாலும் தீர்மானிப்பது கீதான். வடசேரி சந்தைப் பழக்கடை ஒன்றின் விலைப்பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். டேட்டாபேஸ் ஐடியே கீ: 101 மட்டி, 105 செந்துளுவன் (எல்லாம் வாழைப்பழ வகைகள்). [ ] போட்டு ஏத்தனைச் சேர்த்தால் அது 106இல் உட்காரும், பழையவை அசையாது. (ஏத்தனின் ஐடி 112 என்று தெரிந்தால் $பழம்[112] என்றே எழுதிவிடுங்கள்.) அரேக்களை ஒன்றாக இணைக்கும் அரே_மெர்ஜ் போட்டாலோ எண் கீ எல்லாம் 0, 1, 2 என்று மாறிவிடும். பிறகு 105ஐக் கேட்டால் வெறும் வார்னிங்தான் வரும், பக்கம் நிற்காது. செந்துளுவன் விலை இருந்த இடம் காலியாகத் தெரியும். முன்னால் சேர்க்கும் அரே_அன்ஷிஃப்ட்டும் இப்படித்தான் எண்ணை மாற்றும்.

இரண்டு அரேக்களை + போட்டு இணைத்தால் கீ மாறாது, சரக்கு தொலையும். ['மட்டி', 'செந்துளுவன்'] + ['ஏத்தன்', 'ரசகதலி', 'பேயன்'] என்றால் பேயன் மட்டுமே சேரும். 0, 1 இரண்டும் ஏற்கெனவே இருப்பதால் ஏத்தனும் ரசகதலியும் விடுபடும், எர்ரரும் வராது.

[ ] இடைவெளியை நிரப்பாது என்பதையும் கவனிக்க வேண்டும். நடுவில் ஒன்றை அன்செட் செய்த (நீக்கிய) அரேயை ஜேசானாக (டேட்டாவை அனுப்பும் எழுத்து வடிவம்) மாற்றினால் பட்டியலுக்குப் பதில் ஆப்ஜெக்ட் போகும். பட்டியலை எதிர்பார்க்கும் ஜாவாஸ்கிரிப்ட் அங்கேதான் உடையும். கீ தேவையில்லாத இடத்தில் அரே_வேல்யூஸ் போட்டு அனுப்புங்கள்.

அரே_மெர்ஜை லூப்புக்குள் வைக்கவே வேண்டாம். ஒவ்வொரு சுற்றிலும் முழு அரேயும் நகலாகும்; ஒவ்வொன்றாக 5000 சேர்த்தால் சுமார் 1.25 கோடி நகல். ஒவ்வொரு சுற்றிலும் வரும் சிறு அரேக்களை $கட்டுகள் என்ற அரேயில் [ ] கொண்டு சேர்த்துவைத்து, லூப் முடிந்தபின் அரே_மெர்ஜ்(...$கட்டுகள்) என்று ஒரே தடவை கூப்பிட்டால் போதும்.