ஆப்பிரிகான்ஸ் - ஆங்கில மொழிபெயர்ப்பாளர் தேடுபவர்களுக்கு, என் அனுபவத்திலிருந்து

தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் சொத்துப் பத்திர வேலை பார்க்கும் அலுவலகத்தில் இருக்கிறேன், இந்நாட்டு மொழிகளில் ஒன்றான ஆப்பிரிகான்ஸில் எழுதிய காகிதம் மேஜைக்கு வராத வாரமே கிடையாது. பழைய பத்திரம், உயில், கல்யாணத்துக்கு முன் எழுதிய சொத்து ஒப்பந்தம் எல்லாம் அந்த மொழியில்தான் இருக்கும். 2017-இலிருந்து உயர் நீதிமன்றங்களில் வழக்கு நடவடிக்கைகளைப் பதியும் மொழி ஆங்கிலம் மட்டுமே என்று ஆகிவிட்டதால் மொழிபெயர்ப்புத் தேவை குறையவே இல்லை.

இங்கே பெரிய சிக்கல் என்னவென்றால், இரண்டு மொழியும் சரளமாகப் பேசுகிறவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். அதனால் "பக்கத்து சீட்டுக்காரரே எழுதித் தருவார்" என்று விட்டுவிடுகிறார்கள். நீதிமன்றத்துக்கோ வெளிநாட்டு விசாவுக்கோ போகிற காகிதம் என்றால் அது செல்லாது. உயர் நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்து அனுமதி பெற்ற 'ஸ்வோர்ன் டிரான்ஸ்லேட்டர்' கையெழுத்தும் முத்திரையும் வேண்டும்.

தேட நான் போகும் இடம் 1956-இல் தொடங்கிய தென்னாப்பிரிக்க மொழிபெயர்ப்பாளர் சங்கம், சுருக்கமாக சாட்டி. அவர்கள் தளத்தில் மொழி வாரியாகத் தேடலாம். ஒன்றை மட்டும் கவனித்துப் பாருங்கள்: அங்கீகாரம் திசைக்குத் தனித்தனி. ஆப்பிரிகான்ஸிலிருந்து ஆங்கிலத்துக்குத் தேர்வானவர் மறு திசைக்கும் தேர்வானவர் என்று அர்த்தமில்லை.

அப்புறம், எந்தத் துறையில் பழகியவர் என்று பாருங்கள். 1960-களின் பண்ணைப் பத்திரம் ஒன்றை முதலில் ஒரு ஏஜென்சியிடம் கொடுத்தோம் (பெயர் வேண்டாம்). தட்டச்சு செய்த பகுதியை அழகாக மொழிபெயர்த்துவிட்டு, ஓரத்தில் பேனாவால் எழுதியிருந்த பாதை உரிமைக் குறிப்பை அப்படியே விட்டுவிட்டார்கள். பரப்பை மோர்கன் என்ற பழைய நில அளவிலிருந்து ஹெக்டேருக்கு மாற்றி, அசல் எண்ணையே காணாமல் ஆக்கியிருந்தார்கள். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் வாங்குகிறவருக்கு எப்பேர்ப்பட்ட தலைவலி! பிறகு அதையே பத்திர வேலையில் பழகிய ஒரு அம்மாவிடம் கொடுத்தோம். ஒவ்வொரு முத்திரையும் எந்த இடத்தில் இருக்கிறது, எந்தச் சொல் மை கலைந்து படிக்க முடியவில்லை என்று அடைப்புக்குறிக்குள் குறித்து, மோர்கனை மோர்கனாகவே விட்டு, ஒரு மோர்கன் சுமார் 0.8565 ஹெக்டேர் என்று கீழே தனியாக எழுதிக் கொடுத்தார். இன்றுவரை எங்கள் நிலப் பத்திரங்கள் அவரிடம்தான் போகின்றன. மருத்துவ அறிக்கை வந்தால் அவரே வேறு ஆளைக் கைகாட்டுகிறார், அதனாலேயே அவர்மேல் மரியாதை கூடுகிறது.

கூலி பெரும்பாலும் சொல் கணக்கு. மூலச் சொல்லா, மொழிபெயர்த்த சொல்லா என்று முதலிலேயே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், முத்திரைக்குத் தனிக் கட்டணம் உண்டா என்றும்.

பேச்சை மொழிபெயர்ப்பது முற்றிலும் வேறு தொழில், எழுத்தில் வல்லவரைக் கூட்டத்தில் உட்கார வைக்காதீர்கள். பேசப் பேச உடனுக்குடன் சொல்ல வேண்டிய நாள் முழுக் கூட்டம் என்றால் இரண்டு பேர் மாறி மாறிச் செய்ய வேண்டும், அரை மணிக்கு மேல் ஒருவருக்குக் கவனம் நிற்காது. செலவைக் குறைக்க ஒருவரே போதும் என்று சொல்கிற ஏஜென்சியை நான் தவிர்க்கிறேன். நிகழ்ச்சி நிரலையும் வரப்போகிற ஆட்களின் பெயர்களையும் முந்தின நாளே அனுப்பிவிடுங்கள், நல்லவர்கள் அதைக் கேட்டே வாங்குவார்கள்.