புழக்கத்துக்கு முந்திய காசு: கனோன்ஜியின் மணல் ஓவியம்

வங்கியில் 31 ஆண்டுகள் காசாளராக இருந்தவன் நான். எந்தக் காசையும் புரட்டிப் பார்த்து, விளிம்பைத் தடவிய பிறகே நம்புவேன். ஜப்பானில் ஒசாகாவில் இருக்கும் மகள், "ஷிகோகு தீவில் மணலால் ஆன காசு ஒன்று இருக்கிறது அப்பா, 122 மீட்டர் நீளம்" என்றபோது, புரட்ட முடியாத காசுக்கு இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்றுதான் கேட்டேன். அவள் அதற்குள் டிக்கெட் எடுத்துவிட்டிருந்தாள்.

ஒகயாமாவில் ரயில் மாறி, சேட்டோ பெரும் பாலத்தில் கடலைக் கடந்தால் ககாவா மாநிலம். அதன் மேற்கு ஓரத்தில் கனோன்ஜி. ஸ்டேஷனிலிருந்து கோட்டோஹிகி பூங்காவுக்கு ஆற்றைத் தாண்டி நடந்துவிடலாம். நாங்கள் செய்த தவறு, கைபேசி காட்டிய வழியில் நேராக அரியாகே கடற்கரைக்கே போனது. பைன் மரங்களுக்கு நடுவே மணல் மேடுகளும் பள்ளங்களுமாகக் கிடந்தன. பாதியில் ஒப்பந்ததாரர் ஓடிப்போன வாய்க்கால் வேலை போல இருந்தது. சுற்றளவு 345 மீட்டர். முழுதாக ஒரு சுற்று வந்தும் ஓர் எழுத்துகூடப் பிடிபடவில்லை. உள்ளே இறங்கவும் கூடாது. "இதற்கா வந்தோம்?" என்றாள் மனைவி. நான் வாய் திறக்கவில்லை.

ஆகவே முதலில் மலைக்குப் போங்கள். மனைவிக்கு முழங்கால் வலி என்பதால் டாக்ஸியில் மேலே போனோம்; கார் போகும் பாதை இருக்கிறது. மகள் மட்டும் கோட்டோஹிகி ஹச்சிமன் கோயிலின் படிகளில் ஏறி மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். 'யானைத் தும்பிக்கை' என்று பொருள்படும் பெயர் கொண்ட ஒரு பாறையருகே பார்வை மேடை. கம்பியைப் பிடித்துக் கீழே பார்த்தேன். சற்றுமுன் மண்வெட்டி வேலை போலத் தெரிந்தது, நல்ல வட்டமான காசாக, நடுவில் சதுர ஓட்டையுடன் கிடந்தது. மேலே 'கான்', கீழே 'ஏய்', வலப்பக்கம் 'ட்சூ', இடப்பக்கம் 'ஹோ': கானேய் ட்சூஹோ, எடோ காலத்துக் (1603-1868) காசு.

உண்மையில் அது வட்டமே இல்லை. கிழக்கு மேற்காக 122 மீட்டர், வடக்கு தெற்காக 90 மீட்டர். மேடையிலிருந்து கடலைப் பார்க்கும்போது நீளவாட்டம் சுருங்கித் தெரியும் என்பதைக் கணக்கில் வைத்தே இழுத்து வரைந்திருக்கிறார்கள். இப்படிக் கோணிய காசை யாராவது என் கவுண்டரில் நீட்டியிருந்தால் திருப்பித் தந்திருப்பேன்.

நாங்கள் மேலே போனபோது மணி இரண்டு. வெயில் பளீரென்று அடித்ததில் எழுத்துகள் சலவைக்குப் போய் வெளிறிய துணி போலத்தான் தெரிந்தன. ஐந்து மணிவரை காத்திருந்தோம். அது அக்டோபர் கடைசி. கடல் பக்கம் சூரியன் சாயச் சாய, சுமார் இரண்டு மீட்டர் ஆழப் பள்ளங்களில் நிழல் ஊறி ஏறியது. இடப்பக்க எழுத்தில் நெருக்கமாக இருந்த கோடுகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து நின்றன. மதியம் எடுத்த படங்களை மகள் அங்கேயே அழித்துவிட்டாள்.

1633இல் இகோமா டகாடோஷி என்ற பிரபு இந்தப் பக்கம் வருகிறார் என்றதும், ஊர் மக்கள் ஒரே இரவில் இதைச் செய்து வரவேற்றதாகக் கதை. இங்கேதான் எனக்குக் கை நின்றது. அப்போது ஜப்பானை ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகுனின் அரசு இந்தக் காசை வார்க்கத் தொடங்கியது 1636இல். அதற்கு முன் கிழக்கே மிட்டோ என்ற ஊரில் கொஞ்சம் வார்த்தார்கள் என்பது உண்மைதான். அந்தக் காசு அவ்வளவு தொலைவிலிருந்து இந்த மீனவர் ஊருக்கு வந்திருக்குமா? வெளியிடுவதற்கு மூன்று ஆண்டு முன்பே புழக்கத்துக்கு வந்த காசு என்றால் நான் மேலாளரைத்தான் கூப்பிட்டிருப்பேன். இதைக் கண்டவருக்கு ஆரோக்கியமும் நீண்ட ஆயுளும் உண்டு, பணக்கஷ்டம் வராது என்றும் சொல்கிறார்கள். கதைப்படி முதலில் கண்ட டகாடோஷியோ, 1640இல் வீட்டுக்குள் நடந்த கட்சிச் சண்டையால் மாநிலத்தையே இழந்து, வடக்கே தேவா பகுதியில் ஒரு சிறு துண்டு நிலத்துக்கு அனுப்பப்பட்டார்.

எப்போது செய்தது என்பதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது, அது இன்னும் இருக்கிறது என்பதுதான். மணல். மழை, கடல் காற்று எல்லாம் உண்டு. ஆண்டுக்கு இரு முறை, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும், ஊர்க்காரர்கள் மண்வெட்டியுடன் இறங்கிக் கரைகளைச் செதுக்கி நேராக்குகிறார்கள். நாங்கள் பார்த்தபோது விளிம்புகள் கூர்மையாக இருந்தன.

பார்க்கக் கட்டணம் இல்லை. இரவில் விளக்கு போடுகிறார்கள், நாங்கள் தங்கவில்லை. நேரம் இருந்தால் பூங்காவிலுள்ள உலக நாணயக் காட்சியகத்துக்கும் போகலாம். மனைவிக்கு அது அலுத்தது, எனக்கு இல்லை.

ஒசாகாவில் பழைய பொருள் கடையொன்றில் 100 யென்னுக்கு ஒரு அசல் கானேய் காசு வாங்கி வைத்திருந்தேன். விளிம்பு தேய்ந்து வழவழப்பாக இருக்கும். மேடையில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டி அதைப் பிடித்தேன். கீழே கிடந்த காசின் சதுர ஓட்டைக்குள் அது முழுதாக அடங்கிவிட்டது. "போதும், ரயிலுக்கு நேரமாகிறது" என்றாள் மனைவி. மறு கண்ணையும் மூடிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.