பாதி நீலம், பாதி மஞ்சள்: பீதாம்பரிக் கல் போட்ட அனுபவம்

ஒரு பாதி நீலமும் மறுபாதி மஞ்சளுமாக இருக்கும் நீலக்கல்லான பீதாம்பரி நீலம் பற்றி என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் ராசிக்காகத்தான் கேட்கிறார்கள். நீலம் சனிக்கு, மஞ்சள் குருவுக்கு, இரண்டும் ஒரே கல்லில் இருந்தால் இரட்டைப் பலன் என்று ஒரு கணக்கு. ஒரே கல்லில் இரண்டு நிறம் இருந்தாலே தோஷம், வீட்டுக்குள் விடாதீர்கள் என்று சொல்லும் ஜோசியரும் உண்டு. அந்தப் பஞ்சாயத்து எனக்கு வேண்டாம். நான் வாங்கியது நிறத்துக்காக. திருப்பூரில் சாயப்பட்டறை லேபில் வேலை, நாள் முழுக்க ஷேடு பார்ப்பதுதான் பிழைப்பு. அதனால் இந்த அனுபவத்தில் பலன், பரிகாரம் எதுவும் இருக்காது. சில வருடங்களாக விரலில் கிடக்கும் ஒரு கல் எப்படி இருக்கிறது என்பது மட்டும்தான்.

கல் இலங்கை ரத்தினபுரிப் பக்கம் எடுத்தது. காங்கேயத்தில் கல் வியாபாரம் செய்யும் ஒருவரிடம் ரஃப் ஆகவே, அதாவது தீட்டாத கல்லாகவே வாங்கினேன். விரல் கணு நீளத்துக்கு ஒரு படிகம், ஒரு முனை நீலம், மறுமுனை மஞ்சள், ஏழு கேரட்டுக்குக் கொஞ்சம் மேல். தீட்டி முடித்து நின்றது 2.3 கேரட். காங்கேயத்தில் வாங்கிவிட்டு ஏன் இலங்கைக் கல் என்று கேட்கலாம். நம் பக்கமும் நீலக்கல்லுக்குப் பழைய ஊர்தான். சென்னிமலைக்கு அருகே நொய்யல் கரையில் கொடுமணலில் 1985 முதல் தோண்டியதில் நீலக்கல், பச்சைக்கல், சூதுபவளம் எல்லாம் கிடைத்தன, மணி செய்த தடயங்களோடு. ஆனால் இன்று மோதிரத்துக்குத் தேறும் அளவில், தெளிவில் இரண்டு நிறக் கல் வேண்டுமென்றால் வெளியூர் ரஃபைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இனி தீட்டின கதை. இந்தக் கல்லின் அழகு முழுக்க அதில்தான் இருக்கிறது, எடையில் இல்லை. பட்டை தீட்டுபவர் முதலில் சொன்னது, "ஓவலாப் போட்டா மூணரை கேரட் நிக்குமுங்க." கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வட்டத்திலும் ஓவலிலும் அடிப்பட்டைகள் எல்லாப் பக்கமும் சுற்றி நிற்கும். நீலப் பாதிக்குள் நுழைந்த ஒளி அடியில் மோதி, மஞ்சள் பாதி வழியாக வெளியே வரும். நீலத்துக்குள்ளும் மஞ்சளுக்குள்ளும் ஒரே ஒளி போய் வந்தால் என்ன ஆகும் என்று சாயக்காரனுக்குச் சொல்லித் தரவா வேண்டும்? பச்சை. கடையில் அப்படி ஓவலாகத் தீட்டிய பீதாம்பரிகளைப் பார்த்திருக்கிறேன். மேலிருந்து பார்த்தால் இன்ன நிறம் என்று சொல்ல முடியாத ஒரு பாசிப்பச்சை. பக்கவாட்டில் பிடித்தால்தான் இரண்டு நிறம் இருப்பதே தெரியும்.

நீளச் செவ்வகமாக, படிப்படியாக இறங்கும் பட்டைகளோடு தீட்டினால் கதை வேறு. அடியில் கூர்முனை கிடையாது, நீளவாக்கில் ஒரு முதுகெலும்பு மாதிரி கோடு ஓடும். அதன் இரண்டு பக்கச் சரிவுகளுக்கு நடுவே ஒளி குறுக்காகத்தான் துள்ளும். நீலப் பக்கம் நுழைந்தது நீலப் பக்கமே வெளியே வரும், மஞ்சளும் அப்படியே. இரண்டும் சேரும் எல்லை அந்த நீளத்துக்குச் சரியான குறுக்காக விழ வேண்டும், அவ்வளவுதான். சொல்ல எளிது. என் ரஃபில் எல்லை சாய்ந்திருந்தது. அதை நேராக்க இரண்டு முனைகளிலும் நல்ல கல்லையே அரைத்துத் தள்ள வேண்டும். அவர் அரக்கு வைத்துக் குச்சியில் ஒட்டி, தண்ணீரில் நனைத்து வெளிச்சத்தில் பிடித்து, கழற்றித் திருப்பி மறுபடி ஒட்டி, பொறுமையாகத்தான் செய்தார். ஓவலைவிட ஒரு கேரட்டுக்கு மேல் குறைந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. அவருக்குக் கொஞ்சம் இருந்தது.

இதில் ஒரு விட்டுக்கொடுத்தல் இருக்கிறது, வாங்குபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நீலக்கல்லுக்குத் திசைக்கு ஒரு நிறம். படிகத்தின் நீள அச்சு வழியாகப் பார்த்தால்தான் சுத்த நீலம் தெரியும். குறுக்கே பார்த்தால் பச்சை தட்டும். என் கல்லில் நிறங்கள் அச்சின் இரண்டு முனைகளில் இருந்ததால், எல்லை நேராக வேண்டுமென்றால் குறுக்கேதான் மேசைப்பட்டையை, அதாவது மேலே இருக்கும் பெரிய தட்டைப் பட்டையை, வைக்க முடியும். அதனால் என் நீலம் சேலைக்கடையில் சொல்லும் மயில்கழுத்து நிறத்தை ஒட்டியது. 'ராயல் ப்ளூ' தேடுபவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும்.

அடிச் சரிவையும் சும்மா விடக்கூடாது. கோணம் படுத்துவிட்டால் ஒளி திரும்பி வராமல் கீழே ஓடிவிடும். கல்லை அச்சடித்த தாள் மேல் வைத்தால் நடுவில் எழுத்து படிக்க வரும். எடை நிற்க வேண்டுமென்று அடியில் தொப்பை விட்டுத் தீட்டிய கல்லும் உண்டு. அந்தத் தொப்பை வெளியே தெரியாது, கேரட் கணக்கில் மட்டும் தெரியும்.

நிறத்தைக் கூட்டுவதற்காக உலையில் சூடேற்றாதது என்பதற்கு ஜெய்ப்பூர் லேப் ஒன்றின் சான்றிதழ் வைத்திருக்கிறேன். சூட்டில் நீலம் ஏற வேண்டுமென்றால் ரிடக்‌ஷன் சூழல், அதாவது ஆக்ஸிஜன் குறைந்த உலை வேண்டும், மஞ்சள் ஏற ஆக்ஸிடேஷன், அதாவது ஆக்ஸிஜன் நிறைந்த உலை வேண்டும். ஒன்றைத் தூக்கப் போனால் மற்றது படுத்துவிடும். இரண்டு நிறக் கல்லைச் சிலர் உலைக்குள் வைக்காமல் விடுவதற்கு அதுவும் காரணம். அதற்காக பீதாம்பரி என்றாலே சூடு படாதது என்று நம்பிவிடாதீர்கள். பெரிலியம் என்ற தனிமத்தைக் கடும் சூட்டில் கல்லுக்குள் ஏற்றி மஞ்சளாக்கும் வேலை 2000-களின் தொடக்கத்திலிருந்தே நடக்கிறது, அதைப் பெரிய லேப் கருவிகள்தான் உறுதியாகப் பிடிக்கும். லென்ஸ் வைத்து நாம் பார்க்க முடிந்தது உள்ளே இருக்கும் ஊசிகளை. என் கல்லில் ரூட்டைல் என்ற கனிமத்தின் மெல்லிய ஊசிகள் உடையாமல் நீளமாகக் கிடக்கின்றன. கடும் சூடு பட்டிருந்தால் அவை துண்டு துண்டாகப் புள்ளியாகியிருக்கும். அந்த ஊசிகளால் கல் ஒரு துளி மங்கல்தான். எனக்கு அது பிடிக்கும்.

சரி, போட்டுப் பார்த்தது எப்படி? லேபில் ஷேடு ஒப்பிடும் லைட் பாக்ஸ் இருக்கிறதே, அதைவிட நல்ல இடம் இதற்குக் கிடையாது. டி65 பகல் விளக்கில் எல்லைக்கோடு கத்தி போல நிற்கிறது. மஞ்சள் பல்பு விளக்குக்கு மாற்றினால் மஞ்சள் பாதி தேன் நிறமாகக் கொழிக்கிறது, நீலப் பாதி கறுத்து உள்வாங்கிக்கொள்கிறது. புறஊதா விளக்கில்தான் வேடிக்கை. மஞ்சள் பாதி மட்டும் ஆரஞ்சாக ஒளிர்கிறது, நீலம் அசைவதே இல்லை. இரும்பு குறைந்த இலங்கை மஞ்சளுக்கு இந்தக் குணம் உண்டு. லேப் பையன்கள் துணியை விட்டுவிட்டு இதைப் பார்க்க வந்து நிற்பார்கள். கல்யாண மண்டபத்து விளக்குகளில் மட்டும் இந்தக் கல் சுமார்தான். நகை என்றால் மண்டபத்தில் மின்ன வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது. "ஏங்கண்ணு, கல்லு பாதி வெளுத்துப் போச்சா?" என்று அம்மாயி கேட்டதும் ஒரு மண்டபத்தில்தான்.

கையை ஆட்டும்போது இரண்டு முனைகளிலும் ஒரு பச்சை மின்னல் ஓடும். முனைப்பட்டைகளில் பட்ட ஒளி நீளவாக்கில் போய் இரண்டு நிறத்தையும் கடப்பதால் வருவது. தீட்டியவர் இதைக் குறை என்றார். எனக்கு இந்தக் கல்லில் பிடித்ததே அதுதான்.

உழைப்பு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் 9, மேசைப்பட்டையில் ஒரு கீறல் இல்லை. தங்கம்தான் கீறியிருக்கிறது. சாயப்பட்டறையில் புழங்கும் காஸ்டிக், பெராக்ஸைடு எதுவும் கல்லைத் தொடாது, ஆனால் ப்ளீச் தங்கக் கலவையை அரிக்கும் என்பதால் லேபுக்குள் போகும்போது கழற்றிவிடுவேன். மஞ்சள் பாதி வெளுக்கவில்லை. கதிர்வீச்சில் ஏற்றிய மஞ்சள் என்றால் வெயிலில் இத்தனை காலம் தாங்கியிருக்காது. தொல்லை கொடுப்பது எண்ணெயும் சோப்பும். கல்லின் அடியில் பிசுக்கு படிந்தால் ஒளி திரும்பும் விதமே மாறி, கல் செத்த மாதிரி ஆகிவிடும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ், அவ்வளவு போதும்.

ஒரு எச்சரிக்கை. விரல் பருத்து மோதிரத்தைப் பெரிதாக்க கோவையில் ஓர் ஆசாரியிடம் போனபோது, கல்லைக் கழற்றாமலேயே ஊதிப் பற்றவைக்கிறேன் என்றார். நான் விடவில்லை. பற்றவைக்கப் போடும் வெங்காரம் சூட்டில் நீலக்கல்லின் மேல்தோலையே அரித்துவிடும், மெருகு போய்விடும். சூடு நிறத்தையும் மாற்றலாம். அப்புறம் சூடேற்றாத கல் என்ற சான்றிதழ் எதற்கு? கழற்றி, வேலை முடித்து, மறுபடி பதிக்கச் சொன்னேன். கூலி கொஞ்சம் கூடியது.

இப்போது மனைவிக்குத் தோட்டுக்கு ஒரு ஜோடி தேடிக்கொண்டிருக்கிறோம். தனிக்கல்லை விட இது பெரும் பாடு. இரண்டிலும் எல்லை ஒரே இடத்தில் விழ வேண்டும், நீலமும் ஒரே ஆழம் இருக்க வேண்டும். தனித்தனியாக வாங்கிச் சேர்ப்பது நடக்காத காரியம் என்கிறார் காங்கேயத்து வியாபாரி. பருமனான ஒரே படிகம் அமைந்தால் நீளவாக்கில் இரண்டாக அறுத்துத் தீட்டலாமாம், எல்லை தானாகவே பொருந்திவிடும். அப்படி ஒன்று வந்தால் போன் பண்ணுகிறேன் என்றிருக்கிறார்.