கன்வர்ஜா, மெர்ஜா?

கன்வர்ஜ் (converge), மெர்ஜ் (merge) என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களையும் 'ஒன்றுசேர்வது' என்று தமிழில் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டால் பொருள் மாறிவிடும்.

கன்வர்ஜ் என்றால் வெவ்வேறு திசையிலிருந்து ஒரே புள்ளியை நோக்கி வருவது. வந்த பிறகும் தனித்தனியாகவே இருக்கலாம். குவிலென்ஸில் நுழையும் இணைக்கதிர்கள் குவியத்தில் கன்வர்ஜ் ஆகின்றன. அதைத் தாண்டியதும் விரிந்து தத்தம் வழியே போய்விடுகின்றன. தொடாமல் நெருங்குவதும் இதில் அடக்கம்: 1/2 + 1/4 + 1/8 என்று கூட்டிக்கொண்டே போனால், எந்தப் படியிலும் 1 வராது, நெருக்கம் மட்டும் கூடும். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் உயிரியலில் இருக்கிறது. சுறா ஒரு மீன், டால்பின் ஒரு பாலூட்டி. தண்ணீரைக் கிழித்துப் போக வசதியான ஒரே மாதிரி உடல்வாகுக்கு இரண்டும் தனித்தனியே வந்து சேர்ந்தன. இந்தப் பரிணாமத்தைத்தான் கன்வர்ஜென்ட் எவல்யூஷன் என்கிறார்கள். இரண்டு இனமும் கலக்கவே இல்லை, பாருங்கள்!

மெர்ஜ் அப்படியில்லை. 'முங்குவது' என்ற லத்தீன் வேரிலிருந்து வந்த சொல். மூழ்குவதைக் குறிக்கும் சப்மெர்ஜிலும் அதே வேர்தான். மெர்ஜ் ஆக, சேர்பவற்றுக்கு இடையிலுள்ள எல்லை அழிய வேண்டும். 1865-இல் தொடங்கிய அலகாபாத் வங்கி 2020 ஏப்ரல் 1 அன்று இந்தியன் வங்கியோடு மெர்ஜ் ஆனது; இப்போது அது தனி வங்கி இல்லை. இங்கே கன்வர்ஜ் போடுவது தப்பு.

சரி, நதிகளுக்கு? பிரயாக்ராஜில் யமுனை கங்கையோடு மெர்ஜ் ஆகிறது எனலாம். ஆனால் கலக்கும் அந்த இடத்தைச் சொல்ல கான்ஃப்ளூயன்ஸ்தான் சரியான சொல்.