ஞாபகத்தைக் காக்க எது: மாத்திரையா, மூளைப் பயிற்சியா, நடையா, பி.பி.யா?

அப்பா இரண்டு நாள் சேர்ந்தாற்போல் சாவியைத் தேடினால் போதும், வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். மகன் ஜிங்கோ என்ற மரத்தின் இலைச் சாற்றில் செய்த மாத்திரை வாங்கி வருவார், பேத்தி போனில் மூளைப் பயிற்சி விளையாட்டை ஏற்றித் தருவாள், பக்கத்து வீட்டுக்காரர் வாக்கிங் கூப்பிடுவார். இதையெல்லாம் அமெரிக்காவில் முதியவர்களை வைத்தே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

ஜிங்கோவை முதலில் முடித்துவிடலாம். 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஜிங்கோவும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து, சுமார் ஆறு ஆண்டுகள் கவனித்தார்கள். டிமென்ஷியா என்ற மறதி நோய் வருவதை அது தடுக்கவில்லை என்று 2008இல் முடிவு வந்தது. காசு மிச்சம்.

பயிற்சிதான் சுவாரசியமானது. 'ஆக்டிவ்' என்ற ஆய்வில் 65 வயதைத் தாண்டிய 2,832 பேர். ஒரு குழுவுக்கு நினைவாற்றல் பயிற்சி, இன்னொன்றுக்குத் தர்க்கம், மூன்றாவதற்கு வேகம், நான்காவதற்கு ஒன்றுமில்லை. நினைவாற்றல் குழுதான் ஜெயிக்கும் என்று நாம் நினைப்போம். பத்து ஆண்டு கழித்துப் பார்த்தால் அந்தப் பலன் கரைந்திருந்தது, மற்ற இரண்டின் பலனும் நிலைத்திருந்தது. அதிலும் வேகக் குழுவில் டிமென்ஷியா ஆபத்து 29% குறைவு என்று 2017இல் எழுதினார்கள். ஆனால் அந்தக் கணக்கு முழு மருத்துவப் பரிசோதனையில் வந்ததல்ல. சோதனை மதிப்பெண்ணையும், அவர்களோ வீட்டாரோ சொல்லக் கேட்டதையும் வைத்துப் போட்டது. அப்புறம், இந்த வேகப் பயிற்சி சுடோகு சமாச்சாரமும் இல்லை. திரையின் நடுவில் ஒரு படம், ஓரத்தில் இன்னொரு படம், இரண்டும் கண்ணிமைக்கும் நேரம் தோன்றி மறையும். இரண்டையும் பிடிக்க வேண்டும். பிடிக்கப் பிடிக்க வேகம் கூடும்.

நடைக்கு 2011இல் நல்ல பெயர் கிடைத்தது. 120 பேரில் ஒரு பாதி வாரம் மூன்று நாள் நடந்தது, மறுபாதி உடம்பை நீட்டி மடக்கியது. ஓராண்டில் நடந்தவர்களுக்கு ஹிப்போகாம்பஸ் என்ற, நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதி 2% வளர்ந்தது, மற்றவர்களுக்குச் சுருங்கியது. ஆனால் 1,635 பேரை வைத்து இரண்டு ஆண்டு நடத்திய 'லைஃப்' ஆய்வில் உடற்பயிற்சியால் அறிவுத்திறன் கூடியதாகத் தெரியவில்லை. ஆக, நடையை மூளைக்கென்று சத்தியம் செய்து விற்க முடியாது. இதயத்துக்காக நடக்கலாம், தாராளமாக.

ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் நான் பி.பி.யை எடுப்பேன். 'ஸ்பிரின்ட்' ஆய்வில் 9,361 பேர். மேல் அளவை 140க்குள் வைத்தவர்களைவிட 120க்குள் வைத்தவர்களுக்கு லேசான அறிவுத்திறன் குறைபாடு 19% குறைந்தது. டிமென்ஷியா குறைந்ததை மட்டும் உறுதியாக நிறுவ முடியவில்லை. 120 எல்லாருக்கும் ஒத்துவராது, தலைசுற்றி விழுபவர்களும் உண்டு. டாக்டரைக் கேட்காமல் மாத்திரையைக் கூட்டக் கூடாது.

காது மிஷினை யாரும் இந்தப் பட்டியலில் சேர்ப்பதே இல்லை. 2023இல் வெளிவந்த 'அச்சீவ்' ஆய்வில் 977 பேரை மொத்தமாகப் பார்த்தால் பலன் இல்லை. ஆனால் வயதும் சர்க்கரையும் பி.பி.யும் கூடுதலாக இருந்த குழுவில் மூன்று ஆண்டில் அறிவுத்திறன் சரிவு 48% மெதுவானது. சாவி தேடும் அப்பாவுக்குச் சர்க்கரையும் இருந்து, டிவி சத்தத்தையும் கூட்டிக்கொண்டே போகிறார் என்றால், நான் முதலில் காதைப் பரிசோதிக்கக் கூட்டிப் போவேன்.