பிக்கப்பின் பின்னால் ஒரு டன்: செட்டிநாட்டுச் சாலையிலும் வயலிலும் என் அனுபவம்

காரைக்குடிப் பக்கம் கல்யாணங்களுக்கும் திருவிழாக்களுக்கும் ஜெனரேட்டரும் பந்தல் சாமானும் வாடகைக்கு விடுவது எங்கள் தொழில். பள்ளத்தூர், கானாடுகாத்தான், கோட்டையூர், புதுவயல், தேவகோட்டை என்று இதைச் சுற்றியேதான் ஓட்டம். ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலமும் இருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து டபுள் கேபின், ஃபோர் வீல் டிரைவ் டீசல் பிக்கப் ஒன்றைச் சில வருடங்களாக ஓட்டி வருகிறேன். எந்தக் கம்பெனி வண்டி என்று எழுதவில்லை. இந்த வகையில் நம் நாட்டில் எல்லோருக்கும் தெரிந்தவை இசுசு வி-கிராஸும் டொயோட்டா ஹைலக்ஸும். நான் சொல்வது எதை வாங்கினாலும் பொருந்தும். சீட், ஸ்கிரீன், மைலேஜ் பற்றியெல்லாம் நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். பின்னால் ஒன்றை மாட்டிக்கொண்டு ஓட்டுவதைப் பற்றித்தான் பேச ஆளில்லை.

"எவ்வளவு இழுக்கும்?" இதுதான் எல்லோரும் கேட்பது. 25 கேவிஏ சைலன்ட் ஜெனரேட்டர் டிராலியோடு சேர்த்து ஒரு டன்னை ஒட்டி வரும். இப்போது வரும் டீசல் எஞ்சின்களுக்கு அதை இழுப்பது ஒரு வேலையே இல்லை. ஏசியைப் போட்டுக்கொண்டு திருமயம் வரைக்கும் போய் வரலாம், பின்னால் டிராலி வருவதே மறந்துபோகும். எனக்குப் பயமாகத் தோன்றுவது இந்த மறதிதான். குறுக்கே ஆடு ஓடிவந்து பிரேக்கை மிதிக்கும்போது அந்த ஒரு டன்னும் பின்னாலிருந்து தள்ளும். 40 கிலோமீட்டர் வேகத்தை 60 ஆக்கினால் வேகம் ஒன்றரை மடங்குதான் கூடுகிறது. ஆனால் நிறுத்தும்போது பிரேக் தின்ன வேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்கு. பிக்கப் வாங்கப் போகிறவர்கள் எவ்வளவு இழுக்கும் என்பதை விட்டுவிட்டு, இழுத்துக்கொண்டு போகும்போது எப்படி நிற்கும் என்று கேட்க வேண்டும்.

ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேல் போகும் டிரெய்லருக்குச் சொந்தமாகப் பிரேக் இருந்தே ஆக வேண்டும். நம் பக்கத்து ஜெனரேட்டர் டிராலிகள் பலவற்றில் பிரேக் என்ற பேச்சே கிடையாது. நான் எங்கள் பெரிய டிராலிக்குத் திருச்சியில் ஒரு பட்டறையில் தள்ளு பிரேக் வைத்தேன். இது கரண்ட் எதுவும் வேண்டாத எளிமையான ஏற்பாடு. பிக்கப் வேகம் குறைந்ததும் டிராலி முன்னால் தள்ளுகிறது. அந்தத் தள்ளலில், டிராலியை வண்டியோடு சேர்க்கும் கப்ளிங்கின் தண்டு உள்ளே போய் ஒரு கம்பியை இழுக்க, டிராலியின் டிரம் பிரேக் தானாகப் பிடிக்கிறது. எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவு பிடிக்கும். பழைய வகையில் ஒரு சங்கடம் உண்டு: ரிவர்ஸ் எடுக்கும்போதும் தண்டு உள்ளே போவதால் பிரேக் பிடித்துக்கொள்ளும், அதனால் முதலில் இறங்கிப்போய் பூட்டுப் போட வேண்டும். ரிவர்ஸில் தானே விடுபடும் வகையும் இருக்கிறது. கொஞ்சம் காசு கூட ஆனாலும் அதையே வாங்குங்கள். கூடவே ஒரு மெல்லிய வயர் கயிறும் வரும். டிராலி கழன்றுவிட்டால் அது ஹேண்ட்பிரேக்கைச் சுண்டி இழுத்துவிட்டு அறுந்துபோகும். பிரேக் வைத்த பிறகு ஓட்டும்போது தெரியும் வித்தியாசத்தை வேறு எந்த வசதியும் தந்ததில்லை.

அடுத்தது எடை. டிராலியின் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பங்கு கப்ளிங் மேல் கீழ்நோக்கி உட்கார வேண்டும். ஒரு டன் டிராலி என்றால் 100 முதல் 150 கிலோ. இதைவிடக் குறைந்தால், அதாவது பாரம் அச்சுக்குப் பின்னால் போய்விட்டால், வேகம் எடுக்கும்போது டிராலி இடமும் வலமும் வாலாட்ட ஆரம்பிக்கும். ஜெனரேட்டர் டிராலியில் ஜெனரேட்டர் செட்டை அச்சுக்கு நேர் மேலே வைத்து வெல்டிங் செய்துவிடுகிறார்கள். அப்போது ஒரே ஆள் அசைத்து மாட்டிவிடலாம், கைக்குச் சுலபம். சாலையில் போகும்போது அதுதான் வினை. நான் செட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளிப் பொருத்தச் சொன்னேன். அப்புறம் எங்கே அளப்பது? புதுவயலில் அரிசி ஆலைக்கா பஞ்சம்? ஓர் ஆலையில் மூட்டை நிறுக்கும் பிளாட்பாரத் தராசின் மேல் செங்கல் அடுக்கி, டிராலியின் மூக்கு கொக்கியின் உயரத்துக்கு வரும்படி வைத்து, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்துவிட்டு அளவைப் பார்த்தோம். செங்கல்லின் எடையைக் கழித்துக்கொள்ள வேண்டும். டீசல் டேங்க் காலியாக ஒரு முறை, நிரப்பி ஒரு முறை பார்ப்பது நல்லது. டேங்க் பின்பக்கம் இருந்தால் நிரப்பியதும் மூக்கு லேசாகிவிடும்.

பலர் கணக்கில் சேர்க்காதது ஒன்று: கப்ளிங் மேல் உட்காரும் அந்த 150 கிலோவும் பிக்கப் சுமக்கும் பாரம்தான். பின்னால் டிராலியை மாட்டி, மேலே இரும்புப் பைப்பும் அண்டாக்களும் ஏற்றி, உள்ளே நாலு பையன்களும் உட்கார்ந்தால் பட்டை ஸ்பிரிங் அமுங்கி வண்டியின் பின்பக்கம் தாழும், முன்பக்கம் தூக்கும். ஸ்டியரிங் லேசாகிவிடும். ராத்திரியில் ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். டேஷ்போர்டில் லைட்டை இறக்கும் திருகு இருக்கிறதே, அது இதற்குத்தான். ஆனால் திருகி லைட்டை இறக்கலாமே தவிர முன் டயருக்குப் பாரம் கொடுக்க முடியாது. கனமான சாமானைக் கேபினை ஒட்டி முன்னால் ஏற்றச் சொல்லுங்கள்.

மாட்டும்போது நான் யாரையும் அவசரப்படுத்த விடுவதில்லை. கொக்கியில் வளையம் விழுந்ததும் பின்னைப் போட்டு, அதன் அடியில் அது கழலாமல் பூட்டும் காட்டர் பின். இதற்குப் பதிலாகக் கட்டுக்கம்பியை முறுக்கி விடுவதை இப்போதும் பார்க்கிறேன். அப்படி வந்த ஒரு டிராலி, யாருடையது என்பது வேண்டாம், வேகத்தடையில் எகிறிக் கழன்று கண்மாய்க் கரையில் போய் நின்றது. அந்த நேரம் கரையில் யாரும் இல்லை. பிறகு சங்கிலி இரண்டு, கப்ளிங்குக்கு அடியில் குறுக்காகப் பெருக்கல் குறி போல மாட்ட வேண்டும். கப்ளிங் விட்டுப்போனாலும் மூக்கு ரோட்டில் குத்தாமல் அந்தச் சங்கிலி மேல் விழும். திரும்புவதற்கு வேண்டிய தொய்வு இருக்கட்டும், தரையில் உரச வேண்டாம். கடைசியில் லைட்: ஒருவர் பிரேக்கை மிதிக்க, இன்னொருவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும். அறுவடைக் காலத்து இருட்டில் லைட் எரியாத டிராலி மேல் பைக் மோதுவது நம் பக்கத்தில் எல்லோரும் கேள்விப்பட்ட செய்திதான்.

ஓடும்போது டிராலி வாலாட்டினால் பிரேக்கை அமுக்காதீர்கள், ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்காதீர்கள், வேகம் கொடுத்துச் சரிசெய்யவும் பார்க்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்தால் தானே அடங்கும். அடங்கியதும் ஓரம் கட்டிப் பாரத்தைப் பாருங்கள், டயர் காற்றையும் பாருங்கள்.

ரிவர்ஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம், ஏனென்றால் நம் ஊர்த் தெருக்கள் அப்படி. வாசல் ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலும் இருக்கும் வீடுகள். ஜெனரேட்டர் சத்தம் வளவுக்குள் கேட்கக்கூடாது என்று பின்கட்டுப் பக்கம்தான் நிறுத்தச் சொல்வார்கள். வண்டியே 5.3 மீட்டர் நீளம், அதன் பின்னால் டிராலி. முனையில் திரும்பி நூறு வருடச் சுவரை ஒட்டிப் பின்னால் தள்ள வேண்டும். கையை ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டிராலி இடப்பக்கம் போக வேண்டுமா, கையை இடப்பக்கம் நகர்த்துங்கள். வலப்பக்கம் என்றால் வலப்பக்கம். மேல்பக்கத்தைப் பிடித்தால் எல்லாம் தலைகீழாகக் குழம்பும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திருப்ப வேண்டும். டிராலி வண்டிப் பக்கம் மடங்கிவிட்டால் மேலும் தள்ளாமல் முன்னால் இழுத்து நேராக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள். சைகை காட்ட ஒரே ஓர் ஆள் போதும், அவர் உங்கள் கண்ணாடியில் தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும். கல்யாண வீட்டில் பத்துப் பேர் "வா வா" என்பார்கள், அது எதையும் காதில் வாங்கக்கூடாது.

இனி வண்டியில் கம்பெனி கொடுக்கும் வசதிகள். மேட்டில் வண்டி பின்னால் உருளாமல் பிடிக்கும் ஹில் ஸ்டார்ட் அசிஸ்ட்டை நான் மனசாரப் பாராட்டுவேன். டிராலியோடு கண்மாய்க் கரை ஏறும்போது கிளட்ச் தப்புவதே அதனால்தான். ரிவர்ஸ் கேமரா, கொக்கியை வளையத்துக்கு நேராகக் கொண்டுபோக அருமை. டிராலி மாட்டியதும் அதனால் பயனில்லை, திரை முழுக்க ஜெனரேட்டர்தான். சென்சார் ஓயாமல் கத்தும், அணைத்துவிடலாம். வேகத்தைத் தானே பிடித்து வைக்கும் குரூஸ் கன்ட்ரோலை டிராலி இருக்கும்போது நான் தொடுவதே இல்லை, மழையில் கண்டிப்பாகக் கூடாது. புதிய மாடல்களில் வரும் தானியங்கி பிரேக்கும் பக்கத்து வண்டியைச் சொல்லும் எச்சரிக்கையும் பெரும்பாலும் பிக்கப்பின் நீளத்தையும் எடையையும் மட்டும் மனதில் வைத்துச் செய்தவை. பின்னால் ஒரு டன் சேர்ந்தது அதற்குத் தெரியாது. வண்டியோடு வரும் கையேட்டில் டிரெய்லர் இருக்கும்போது எதை அணைக்க வேண்டும் என்று போட்டிருப்பார்கள். படித்துவிட்டு மாட்டுங்கள்.

ஃபோர் வீல் டிரைவைத் தார் ரோட்டில் போட வேண்டாம். இந்த வண்டிகளில் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். திரும்பும்போது முன் சக்கரங்கள் அதிக தூரம் போக வேண்டும். மண்ணில் டயர் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும், காய்ந்த தாரில் வழுக்க இடமில்லை. ஸ்டியரிங் இறுகும், உள்ளே பல்சக்கரங்கள் முறுகும். ஐப்பசி மழையில் செம்மண் பாதை குழைந்து கிடக்கும்போது ஃபோர் ஹை, அதாவது வழக்கமான வேகத்திலேயே நாலு சக்கரமும் இழுப்பது. சேற்றில் டிராலியோடு ஊர வேண்டும் என்றால் நிறுத்திவிட்டு ஃபோர் லோ. அதில் சுமார் இரண்டரை மடங்கு வேகம் குறைந்து அந்த அளவுக்கு இழுவை கூடும், கிளட்ச் வேகாது.

"இதிலேயே உழவு ஓட்டலாமா?" என்று ஊர்ப் பையன்கள் கேட்கிறார்கள். அமெரிக்காவில் பிக்கப்பின் முன்னால் பலகை மாட்டிப் பனியைத் தள்ளும் வீடியோ எல்லோர் போனிலும் வருகிறது. அங்கேயும் அதற்கென்று முன் ஸ்பிரிங்கைக் கனமாக்கிய வண்டியில்தான் மாட்டுகிறார்கள். உழவு என்பது வேறு. கலப்பையைத் தூக்கி இறக்க டிராக்டருக்கு ஹைட்ராலிக் இருக்கிறது, ரோட்டவேட்டரைச் சுழற்றப் பின்னால் தனித் தண்டு இருக்கிறது, மணிக்கணக்கில் நடை வேகத்தில் இழுக்க அதற்கென்றே செய்த கியர் இருக்கிறது. பிக்கப்பில் இவை எதுவும் இல்லை. கொழு ஒரு வேரில் மாட்டினால் கிளட்ச் போகும், இல்லையென்றால் சேஸிஸ் வளையும். உழுத புழுதியில் லேசான பரம்புப் பலகையை இழுத்துச் சமன் செய்யலாம், களத்துக்குப் போகும் மண்பாதையை நிரவலாம். அதையும் ஃபோர் லோவில் மெதுவாகச் செய்திருக்கிறேன். அதற்கு மேல் டிராக்டரைக் கூப்பிடுவதுதான் சிக்கனம்.

இதைவிட ஆபத்தானது சீமைக் கருவேல மரத்தை வேரோடு பிடுங்குவது. சிவகங்கைச் சீமை முழுக்க அதுதானே. பிக்கப்பின் உருண்டைக் கொக்கியில் சங்கிலியை மாட்டி, தொய்வு விட்டு, வேகமாகக் கிளம்பிச் சுண்டி இழுக்கிறார்கள். அந்த உருண்டை நிதானமாக இழுக்கத்தான் செய்தது, சுண்டினால் கழுத்தில் ஒடியும். ஒடிந்த இரும்பு சங்கிலியோடு பறந்து வந்தால் பின் கண்ணாடி தடுக்காது. இழுத்தே ஆக வேண்டும் என்றால் சேஸிஸில் போல்ட் போட்ட இழுவைப் புள்ளியில் மாட்டி, சங்கிலியின் நடுவில் நனைத்த கோணிச்சாக்கைப் போட்டு, தொய்வே இல்லாமல் ஃபோர் லோவில் மெல்ல இழுங்கள். அறுந்தால் சாக்கின் கனம் வீச்சைக் குறைக்கும். சுற்றி நிற்பவர்களைச் சங்கிலியின் நீளத்துக்கு இரண்டு மடங்கு தூரம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். பெரிய மரம் என்றால் ஜேசிபி.

தை, மாசியில் இன்னொன்று. கதிரையும் பயறையும் ரோட்டிலேயே பரப்பிவிடுவார்கள். அதன் மேல் ஓட்டிப் போனால் வண்டிக்கு அடியில் சுழலும் தண்டில் வைக்கோல் சுற்றிக்கொண்டு உரசிச் சூடேறும். போதாததற்கு பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் புகை வடிகட்டி தன்னைத் தானே சுத்தம் செய்ய உள்ளே சேர்ந்த கரியை எரிக்கும், அப்போது சைலன்ஸர் பக்கம் கடும் சூடு. அந்த நேரம் காய்ந்த தாளடி மேல் நிறுத்தினால் தீப்பிடிக்கும். வண்டியை எப்போதும் வெறும் தரையில் நிறுத்துகிறோம், அறுவடைக் காலத்தில் சாயங்காலம் அடியில் குனிந்து பார்த்து வைக்கோலைப் பிடுங்கிவிடுகிறோம். ஊருக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் ஓடினால் அந்த வடிகட்டி அடைத்துக்கொள்ளும். வாரத்துக்கு ஒரு முறையாவது ராமேசுவரம் போகும் நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் சீராக ஓட்டிவிடுவது நல்லது.

காகிதமும் முக்கியம். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் "மோட்டார் வாகனம்" என்று சொல்வதில் டிரெய்லரும் அடங்கும். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது டிரெய்லரோடு விபத்து நடந்தால் பாலிசி பொறுப்பேற்குமா என்று எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வாய்ப்பேச்சு உதவாது.

எங்களிடம் உள்ள சின்ன டிராலிக்கு இன்னும் பிரேக் வைக்கவில்லை. அதுவரைக்கும் அதை பிக்கப்பில் மாட்டுவதில்லை, மினி லாரியில் ஏற்றித்தான் அனுப்புகிறோம். வாடகை கூட ஆகிறது, ஆகட்டும். குன்றக்குடியில் பங்குனி உத்திர வேலை தொடங்குவதற்குள் அதற்கும் தள்ளு பிரேக் வைத்துவிட வேண்டும், பட்டறையில் சொல்லி வைத்திருக்கிறேன்.